வீட்டுக்கு வந்தவரிடம் ‘ஈட்’ என்று சொல்லலாமா?

கேள்வி: ‘ஈட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? அன்றாடப் பேச்சில் அதை எப்படிப் பயன்படுத்துவது?

நீங்கள் வேலைக்காகவோ, வெளிநாட்டு விருந்தினர்களிடம் பேசுவதற்காகவோ ஆங்கிலம் பழகுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உண்பது, தின்பது, சாப்பிடுவது மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ஈட்’தான். நேற்று நடந்ததற்கு ‘ஏட்’. ‘ஹேவ்’ முன்னால் வந்தால் ‘ஈட்டன்’. ‘டிட் யூ ஏட்’ என்று பலர் கேட்கிறார்கள், அது தவறு. ‘டிட் யூ ஈட்’ என்றோ ‘ஹேவ் யூ ஈட்டன்’ என்றோ கேளுங்கள். அகராதி இந்த அளவுக்கு உதவும். ஆனால் இந்தச் சொல்லை வைத்து எங்கள் அப்பத்தாவை ஒருவர் அவமானப்படுத்தியதால் எனக்கு இதில் சொல்ல இன்னும் இருக்கிறது.

காரைக்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டில் சுற்றுலா வருபவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம். பரிமாற ஆட்கள் இருந்தாலும் அப்பத்தா பந்தியை விட்டு நகர மாட்டார். யார் இலையில் மண்டி என்னும் எங்கள் ஊர்க் குழம்பு தீர்ந்தது, யார் பாயசத்தைத் தொடவில்லை என்று அவர் கண் ஓடிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டவர் உட்கார்ந்தால் இலையைக் காட்டி “ஈட், ஈட்” என்பார். கடைசியில் “ஈட் காபி” என்பார். பள்ளிக்கூடம் போகாதவர். இந்தச் சொல்லையும் வந்தவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு குழுவை அழைத்து வந்த வழிகாட்டி, “ஆச்சி, நாய்க்குச் சோறு வைப்பது மாதிரி ஈட் ஈட் என்று சொல்லாதீர்கள். காபியை யாராவது ஈட் செய்வார்களா?” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அதோடு விடாமல் வந்தவர்களுக்கும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அடுத்து வந்த விருந்தினர்களுக்கு இலை போட்டபோது அவர் அடுப்படியிலேயே நின்றுவிட்டார். தன் வீட்டுப் பந்திக்கு வரக் கூச்சப்படும்படி அவரை ஆக்கிவிட்டார்களே என்பதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

இலக்கணமே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காபி விஷயத்தில் அந்த வழிகாட்டி சொன்னது சரிதான். நாம் காபியும் சாப்பிடுவோம், மாத்திரையும் சாப்பிடுவோம். ஆங்கிலத்தில் காபிக்கு ‘ட்ரிங்க்’ அல்லது ‘ஹேவ்’, மாத்திரைக்கு ‘டேக்’. கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் எடுத்துக் குடிக்கும் சூப்புக்கு மட்டும் ‘ஈட்’ என்பார்கள். ஆனால் நாயை இழுத்தது அநியாயம். ‘சாப்பிடுங்கள்’ என்னும்போது மரியாதை அந்தச் சொல்லின் கடைசியிலேயே வந்துவிடுகிறது. ‘ஈட்’ என்பதில் அதற்கு இடமில்லை, அதனால் அதைத் தனியாகச் சொன்னால் கட்டளை போலக் கேட்கக்கூடும். அவ்வளவுதான். ஆங்கிலம் தாய்மொழியான வீட்டிலும் பிள்ளைகளிடம் ‘ஈட் அப்’ என்பார்கள். மிச்சம் வைக்காமல் சாப்பிடு என்று பொருள். விருந்தினரிடம் நீங்கள் ‘ப்ளீஸ் ஹேவ் சம் மோர்’ என்று சொல்லுங்கள், அல்லது ‘வுட் யூ லைக் சம் மோர்’ என்று கேளுங்கள். சாப்பாட்டு வேளைகளுக்கும் ‘ஹேவ் லஞ்ச்’, ‘ஹேவ் டின்னர்’ என்பதே பேச்சில் இயல்பு. ‘ஈட் அவுட்’ என்றால் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவதல்ல, ஓட்டலில் சாப்பிடுவது.

வாய் இல்லாதவையும் ஆங்கிலத்தில் ‘ஈட்’ செய்யும். இரும்பைத் துரு அரிப்பதற்கும் இதே சொல் வரும். அந்த அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் காரைக்குடியில்தான், 1953 முதல் இயங்குகிறது. சேமிப்பைச் செலவு கரைத்தால் ‘ஈட் இன்டு’.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகச் செட்டிநாடு என்று பலகை மாட்டிக்கொண்டு சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூளைக் கொட்டி வைக்கிறார்கள். வந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வழிய, இதுதான் செட்டிநாட்டுச் சமையல் என்று நம்பிப் போகிறார்கள். சோம்பும் மிளகும் கல்பாசியும் அளவோடு சேரும் பக்குவம் எங்கே போயிற்று? வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், பர்மாவிலிருந்து வந்து எங்கள் விசேஷங்களில் நிலைத்துவிட்ட கவுனி அரிசி, இவற்றில் எது காரம்? எங்கள் வீட்டுக்கு வருபவர்களும் முதல் கேள்வியாக, ரொம்பக் காரமாக இருக்குமா என்றுதான் பயந்து கேட்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கி ஒரு வாய் சாப்பிட வைப்பதே அப்பத்தாவின் “ஈட், ஈட்”தான்.

இப்போது குழுவை அழைத்து வருபவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பத்தா பேசுவதை யாரும் திருத்தக் கூடாது என்று. அவரும் பந்திக்குத் திரும்பிவிட்டார். ‘ஹேவ்’ என்பதை நான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து “ஹேவ், ஈட்” என்கிறார். நன்றாகவே இருக்கிறது.

உச்சரிப்பு பற்றியும் ஒன்று. இறந்தகாலத்தை அமெரிக்கர்கள் ‘ஏட்’ என்பார்கள். இங்கிலாந்தில் ‘எட்’ என்று சொல்பவர்களும் உண்டு. அகராதிகளில் இரண்டும் இருக்கின்றன. நீங்கள் எதைச் சொன்னாலும் யாராவது சிரித்தால் அகராதியைக் காட்டுங்கள்.