கணக்கில் புலியான அண்ணனுக்குக் கணக்கு ஏன் தப்பியது?

கேள்வி: என் அண்ணன் சிறுவயதிலிருந்தே கணக்கில் புலி, பொறியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர். இரண்டு ஆண்டுகளாகப் பங்குச்சந்தையில் ஆப்ஷன் வர்த்தகம் (விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து ஒப்பந்தங்களை வாங்கி விற்பது) செய்து 14 லட்சம் ரூபாய் இழந்துவிட்டார். அண்ணியின் நகைகளும் அடகில் இருக்கின்றன. கேட்டால் விலை ஏற்ற இறக்க வரைபடங்களைக் காட்டி விளக்குகிறார்; எங்களால் பதில் பேச முடியவில்லை. இவ்வளவு அறிவுள்ளவர் ஏன் இப்படிச் செய்கிறார்? அவரிடம் எப்படிப் பேசுவது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

'எங்களால் பதில் பேச முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தன் முடிவுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் திறமை வேறு, அந்த முடிவு சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம் வேறு. முன்னது உங்கள் அண்ணனிடம் ஏராளமாக இருப்பதால், பின்னது இல்லாத குறை யார் கண்ணிலும் படவில்லை, அவர் கண்ணிலும் படவில்லை. டொராண்டோ பல்கலைக்கழக உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் நெடுங்காலமாக வலியுறுத்தி வருவதும் இதையே. அவரும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பிறரிடம் காணும் சிந்தனைப் பிழையைத் தன்னிடம் காணத் தவறும் குறை, அறிவுத்திறன் மிகுந்தவர்களிடம் சற்றும் குறைவாக இல்லை என்று தெரியவந்தது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய். பந்தைவிட மட்டை 100 ரூபாய் அதிகம் என்றால் பந்தின் விலை என்ன? 10 ரூபாய் என்றுதான் மனம் உடனே சொல்லும். அப்படியானால் மட்டை 110, இரண்டும் சேர்ந்து 120 ஆகிவிடும். சரியான விடை 5 ரூபாய். ஆய்வாளர் ஷேன் ஃபிரெடரிக் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இதே போன்ற கேள்விக்கு அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழக மாணவர்கள் பலரும் தவறான விடையே எழுதினார்கள். கூட்டல் கழித்தல் தெரியாதவர்கள் அல்லர். முதலில் தோன்றிய விடையை ஒருமுறை சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பணம் போகத் தொடங்கிய பிறகு இந்தச் சரிபார்ப்பு இன்னும் கடினமாகிவிடும். கையிலிருந்து போவது உறுதியான நட்டத்தை ஏற்றுக்கொண்டு எழுவதைவிட, பெரிய நட்டம் வந்தாலும் வரட்டும், விட்டதைப் பிடித்துவிடலாம் என்று மேலும் துணியவே மனம் விரும்புகிறது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே விளக்கினார்கள். உங்கள் அண்ணன் தனியாகவும் இல்லை. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்ததாக, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது.

ஆகவே தயவுசெய்து, "இவ்வளவு படித்தும் இப்படியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தன் படிப்பைக் காப்பாற்றிக்கொள்ள அவர் இன்னொரு வரைபடத்தைத்தான் எடுப்பார். வரைபடத்தைப் பற்றிய விவாதத்துக்கே போக வேண்டாம். தரகு நிறுவனம் தரும் ஆண்டு லாப நட்டக் கணக்கை அச்செடுத்து, அண்ணியையும் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்காருங்கள். "இன்னும் எவ்வளவு போனால் நிறுத்துவீங்க, அண்ணா?" என்று ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்தத் தொகையை அவரே எழுத வேண்டும். இனி ஒவ்வொரு முறை வாங்கும் முன்பும் எந்த விலையில் வெளியேறுவார், எது நடந்தால் தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வார் என்பதையும் தேதியிட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நடந்து முடிந்த பிறகு காரணம் கற்பிக்க அந்தத் தாள் இடம் கொடுக்காது. நகைகளை மீட்கும்வரை புதிதாகப் பணம் போடாதிருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எழுதிய எல்லையைத் தாண்டியும் அவர் தொடர்ந்தால், மறைத்துக் கடன் வாங்கினால், இரவில் தூங்காமல் இருந்தால், அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கோபப்படாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். நீங்களோ அண்ணியோகூடப் பேசலாம். அவர் தொகை எழுதிய அந்தத் தாளை, நகைக்கடன் ரசீது இருக்கும் உறையிலேயே அண்ணி பத்திரமாக வைத்திருக்கட்டும்.