டேவிட் ஹியூம் நாத்திகரா? மதத்தைப் பற்றி அவர் என்னதான் சொன்னார்?

18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து தத்துவஞானி ஹியூம் எனக்கு அறிமுகமானது ஒரு சுவரில். கல்லூரி விடுதியில் பக்கத்து அறை அண்ணன் ஒருவர் எழுதி ஒட்டியிருந்தார்: தீமையைத் தடுக்கக் கடவுளுக்கு விருப்பம் இருந்தும் முடியவில்லையா? அப்படியானால் அவருக்குச் சக்தி போதாது. முடிந்தும் விருப்பம் இல்லையா? அப்படியானால் இரக்கம் போதாது. இரண்டும் இருக்கிறதென்றால் தீமை எங்கிருந்து வந்தது? கீழே ஹியூம் என்று பெயர் போட்டிருந்தது. பல வருஷம் கழித்து மூலத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, அது பழங்காலக் கிரேக்கத் தத்துவஞானி எபிகியூரஸின் கேள்வி என்று அங்கேயே சொல்லியிருக்கிறது. கேட்பதும் ஹியூம் இல்லை, அவருடைய உரையாடல் நூலில் வரும் ஃபைலோ என்ற பாத்திரம்.

இந்த ஆளை ஒரு மேற்கோளுக்குள் பிடித்துப்போட முடியாது. பாரிஸில் ஹோல்பாக் பிரபு வீட்டு விருந்தில், நாத்திகர் என்று ஒருவரைத் தான் பார்த்ததே இல்லை என்றாராம் ஹியூம். "இங்கே நாம் 18 பேர். அதில் 15 பேரை இப்போதே காட்டுகிறேன், மீதி மூன்று பேர் இன்னும் முடிவுக்கு வரவில்லை" என்றாராம் பிரபு. பிரெஞ்சு எழுத்தாளர் திதெரோ எழுதிவைத்த கதை இது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஹியூம் அனுபவவாதி. நமக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்தும் தொட்டும் பட்டும் தெரிந்துகொண்டதுதான் என்பது அவர் அடிப்படை. நெருப்பு சுடும் என்பதைக்கூட யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, சுட்டுக்கொண்டுதான் தெரிந்துகொள்ள முடியும். மதத்தைப் பற்றி அவர் எழுதியது பெரும்பாலும் இந்த ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டு போனதுதான்.

அற்புதங்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1748-இல் வந்தது. இறந்தவர் எழுந்தார் என்று ஒருவர் சொல்கிறார். நான் எடைபோட வேண்டியவை இரண்டு: அது நடந்திருப்பதற்கான வாய்ப்பு, சொல்பவர் பொய் சொல்லவோ ஏமாந்துபோகவோ உள்ள வாய்ப்பு. ஒரு பக்கம் இதுவரை மாறாத மனித அனுபவம், மறு பக்கம் ஒரு சாட்சி. அந்தச் சாட்சி பொய்யாக இருப்பது அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் ஒழிய நம்பாதே என்கிறார். மனிதர்களுக்கு ஆச்சரியம் பிடிக்கும், ஆச்சரியமான செய்தியை அடுத்தவரிடம் சொல்வது இன்னும் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார்.

என்னை யோசிக்க வைத்தது அதே கட்டுரையில் வரும் ஓர் இந்திய இளவரசன். குளிர் என்றால் என்னவென்றே தெரியாத நாட்டுக்காரன். தண்ணீர் கல் மாதிரி உறையும் என்று யாரோ வந்து சொல்ல, நம்ப மறுத்துவிடுகிறான். அவன் சரியாகத்தான் யோசித்தான் என்று எழுதுகிறார் ஹியூம். படித்ததும் திடுக்கென்றது. ஏனென்றால் ஐஸ் இருக்கிறதே! சரியாக யோசித்தவன் தவறான முடிவுக்கு வந்திருக்கிறான். அப்படியானால் இந்தத் தராசை வைத்துக்கொண்டு நாளை வரப்போகும் புதிய உண்மையையும் அல்லவா தள்ளிவிடுவோம்?

ஹியூமுக்கும் இது உறுத்தியிருக்கும் போல. உறைபனி இளவரசனின் அனுபவத்துக்கு எதிரானது அல்ல, அனுபவத்துக்கு வெளியே இருப்பது என்று பிரித்துக் காட்டுகிறார். குளிர்நாட்டில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை. இறந்தவர்கள் எழாமல் கிடப்பதையோ எல்லா நாட்டிலும் பார்த்தாயிற்று. இந்தப் பதில் எனக்குப் பாதிதான் திருப்தி. ஆனாலும் அவரைப் பிடித்துப்போனது இங்கேதான். தன் தராசு உண்மையைக் கண்டுபிடித்தே தீரும் என்று அவர் சொல்லவில்லை. ஆதாரம் எவ்வளவோ அவ்வளவுதான் நம்பிக்கை, அதற்குமேல் உத்தரவாதம் கிடையாது.

அப்புறம் அந்த உரையாடல் நூல். கிளியாந்தஸ் என்பவர், வீட்டைப் பார்த்தால் கட்டியவன் இருப்பது தெரிவதுபோல் உலகைப் பார்த்தால் படைத்தவன் இருப்பது தெரியும் என்கிறார். ஃபைலோ மடக்குகிறார்: வீடுகள் கட்டப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம், உலகம் ஒன்று உருவாவதை யார் பார்த்தது? அப்படியே ஒப்பிடுவதானாலும் ஒரு கப்பலைப் பல கைகள் பல காலமாகத் திருத்தித் திருத்திக் கட்டுவதில்லையா? இந்த உலகம் ஒரு குழந்தைத் தெய்வம் முதல்முதலாகச் செய்து பார்த்துப் பாதியில் போட்ட முயற்சியாகவும் இருக்கலாமே? உலகம் ஒரு பெரிய சிலந்தியின் வயிற்றிலிருந்து நூற்கப்பட்டது என்று பிராமணர்கள் சொல்வதாகவும் ஓர் இடத்தில் வருகிறது. (முண்டக உபநிடதத்தில் சிலந்தி உவமை உண்டு.) சிலந்திகள் மட்டும் வாழும் கிரகத்தில் இதுதான் இயல்பான முடிவாகத் தோன்றும் என்று ஃபைலோ சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இவ்வளவும் பேசிவிட்டு, உலக ஒழுங்கின் காரணத்துக்கும் மனித அறிவுக்கும் ஏதோ தொலைதூர ஒற்றுமை இருக்கலாம் என்று கடைசியில் ஃபைலோவே இறங்கி வருகிறார். கதையைச் சொல்பவனோ கிளியாந்தஸ் பக்கம் சாய்கிறான். ஹியூம் இப்படி முடித்தது மனப்பூர்வமாகவா, தற்காப்புக்காகவா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. இரண்டும் கலந்தது என்பது என் எண்ணம்.

தற்காப்புக்குக் காரணம் இருந்தது. ஹியூம் பிறந்தது 1711-இல், எடின்பரோவில். அதற்கு 14 வருஷம் முன்பு, 1697-இல், தாமஸ் எய்க்கன்ஹெட் என்ற மாணவனை தெய்வ நிந்தனைக்காக அதே ஊரில் தூக்கில் போட்டிருந்தார்கள். ஹியூமின் காலத்தில் கயிறு இல்லை, ஆனால் எடின்பரோ, கிளாஸ்கோ இரண்டு பல்கலைக்கழகங்களிலும் பேராசிரியர் பதவி கைநழுவிப் போனது. முதல் நூலிலிருந்து அற்புதங்கள் பகுதியை அவரே வெட்டியெடுத்தார். உரையாடல் நூல் அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1779-இல்தான் வந்தது. அதைப் பதிப்பிக்க நெருங்கிய நண்பரான பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்தே தயங்கினார்.

1776-இல் ஹியூம் சாகக் கிடந்தபோது எழுத்தாளர் பாஸ்வெல் பார்க்கப் போனார். இப்போதாவது மறுமையில் நம்பிக்கை வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம். வரவில்லை. அந்த மனிதர் நிம்மதியாகவே இருந்தார், கலங்கிப்போய்த் திரும்பியது பாஸ்வெல்தான்.

அதே நாட்களில் ஹியூம் ஸ்மித்திடம் ஒரு வேடிக்கை சொன்னார். கிரேக்கப் புராணத்தில் செத்தவர்களை ஆற்றைக் கடத்தும் படகோட்டி கரோனிடம் என்ன சாக்கு சொல்லலாம்? "கொஞ்சம் பொறு ஐயா, ஜனங்களின் கண்ணைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன். சில மூடநம்பிக்கைகள் விழுவதைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்." அதற்குக் கரோன், "அது இன்னும் பல நூறு வருஷத்துக்கு நடக்காது. ஏறுடா படகில், சோம்பேறிப் பயலே!" ஸ்மித் ஒரு தனிக் கடிதத்தில் எழுதியபோது, விழ வேண்டியவை தேவாலயங்கள் என்றே இருந்தது. ஹியூமின் மரணம் பற்றி அச்சில் வெளியிட்ட கடிதத்தில்தான் அதை மூடநம்பிக்கைகள் என்று மென்மையாக்கினார். அப்படியும் ஜனங்கள் அவரை விடவில்லை. பிரிட்டனின் வணிக முறை முழுவதையும் தாக்கி எழுதியதற்கு வாங்கியதைவிட, ஹியூமைப் பற்றிய இந்தச் சின்னக் கடிதத்துக்குப் பத்து மடங்கு வசவு வாங்கினேன் என்று பின்னாளில் புலம்பினார் ஸ்மித்.