கடன் இருக்கட்டும், க்யூஆர் அட்டை யார் பெயரில்?

கேள்வி: எனக்கு 34 வயது. போலியோவால் வலது கால் பாதிப்பு. அண்ணன் வீட்டில் இருந்து தையல் வேலை செய்கிறேன். மாதம் 8,000 வரும். உதவித்தொகை 1,500. ஏடிஎம் கார்டு அண்ணனிடம். மேசையில் ஒட்டிய கூகுள் பே க்யூஆர் அட்டையும் அவர் நம்பர்தான். அவர் பைக்குக்காக என் பெயரில் எடுத்த குழு லோனுக்கு மாதம் 3,170 போகிறது, இன்னும் 14 மாதம். கணக்குக் கேட்டால் அடி விழுகிறது. எம்ப்ராய்டரி மெஷின் 40,000 சொல்கிறார்கள். கடன் ஆப்பில் 50,000 எடு, 10,000 எனக்குக் கொடு என்கிறார் அண்ணன். கையில் 46,500 வரும், 6 தவணை, தவணைக்கு 9,700. எடுக்கலாமா? - வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம். உங்கள் மொத்த வருமானம் 9,500, தவணை 9,700. 46,500 வாங்கி 58,200 கட்டினால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 80 சதவீதம். பத்து நிமிடத்தில் பணம் என்று விளம்பரம் செய்யும் ஆப்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

மெஷின் ஆசையில் தவறே இல்லை. உங்களைக் கவிழ்ப்பது தையல் மேசையில் ஒட்டியிருக்கும் அந்த க்யூஆர் அட்டை. ஜாக்கெட் தைத்த கூலி அதன் வழியாக நேரே அண்ணன் கணக்குக்குப் போகிறது. வருடத்துக்கு 96,000! நாளை வங்கிக்குப் போனால் உங்கள் பாஸ்புக்கில் உதவித்தொகை மட்டும்தான் தெரியும். தையல்காரி என்பதற்கு ஒரு வரி கிடையாது.

ஆகவே முதலில் உங்கள் பெயரில் ஒரு சிம். பிறகு அண்ணன் துணையில்லாமல் வங்கிக் கிளைக்குப் போய் கணக்கில் உள்ள நம்பரை மாற்றி, பழைய ஏடிஎம் கார்டை முடக்கி, புது கார்டைக் கையிலேயே கேளுங்கள். க்யூஆர் அட்டையையும் இந்தப் புது நம்பருக்கு மாற்றுங்கள். யாராவது கூட வந்தால் ஊழியர் உங்களை விட்டுவிட்டு அவரைப் பார்த்தே பேசுவார். இது நான் பல கிளைகளில் பார்த்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உங்கள் பணத்தை நிர்வகிக்கவும் கடன் கேட்கவும் மற்றவர்களைப் போலவே உங்களுக்கும் உரிமை உண்டு என்று சொல்லுங்கள்.

இதை வீட்டில் அறிவித்துவிட்டுச் செய்யாதீர்கள். அடிக்கிறவர் கார்டு போனதும் சும்மா இருக்க மாட்டார். நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். 181 மகளிர் உதவி எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். சம்பாத்தியத்தைப் பிடுங்குவதும் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வன்முறைதான். ஒரே வீட்டில் வாழும் அண்ணன் மீதும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம்.

குழு லோனை மட்டும் நிறுத்தாதீர்கள். மிச்சம் சுமார் 44,400. நீங்கள் தவறினால் குழுவில் மற்ற பெண்கள் தலையில் விழும், உங்கள் கடன் வரலாறும் கெடும். முடிந்ததும் 'டாப்-அப் தர்றோம்' என்று இன்னொரு கடனோடு வருவார்கள், கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆறு மாதம் கூலி உங்கள் கணக்கில் விழுந்த பிறகு கூட்டுறவு வங்கிக்குப் போங்கள். தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதிக் கழகத்தின் கடன் தமிழ்நாட்டில் அந்த வழியாகக் கிடைக்கிறது. விவரத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். வட்டி 9 சதவீதம் என்று கூட்டியே வைத்தாலும் 40,000க்கு மூன்று வருடத்தில் மாதம் சுமார் 1,270. குழு லோனோடு சேர்த்தால் 4,440. கையில் 5,060 நிற்கும். இறுக்கம்தான், ஆனால் ஓட்டலாம். ஜாமீன் கேட்டால் அண்ணன் வேண்டாம். பணத்தை மெஷின் கடைக்கே நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

மெஷினை எங்கே வைப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணன் வீட்டில் வைத்தால் ஒருநாள் அது அடகுக் கடையில் இருக்கும். பக்கத்தில் யாராவது கடைத் திண்ணை தருவார்களா என்று இப்போதே விசாரியுங்கள். மூன்று சக்கர வண்டி உள்ளே வரும் அகலம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.