வேலூர் சி.எம்.சி. தொண்டு மருத்துவமனைதானே, பிறகு ஏன் எல்லாவற்றுக்கும் பணம் வாங்குகிறார்கள்?

கவுன்ட்டரில் முன்பணம் கட்டிவிட்டு வந்த கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ, சீக்கிரம் குணமாகட்டும். நான் தோட்டப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கவில்லை, கிறிஸ்தவனும் இல்லை. 'மிஷனரிக்கு ஜால்ரா' என்று கமென்ட் போட வருபவர்கள் இதைப் படித்துவிட்டு வரவும்.

லாபத்தை எடுத்துக்கொண்டு போக அங்கே முதலாளி யாரும் கிடையாது. டாக்டர்களுக்கு மாதச் சம்பளம்தான், வெளியே தனியாக கிளினிக் போடக் கூடாது. எத்தனை ஸ்கேன் எழுதினாலும் எழுதியவருக்கு ஒரு பைசா கூடுதலாக வராது. 1902இல், சி.எம்.சி.யைத் தொடங்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்தது, ஒரு நியூயார்க் வங்கிக்காரர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில். இன்றைக்கு வரும் கூட்டத்துக்கு நன்கொடையை மட்டும் நம்பினால் கேட்டைப் பூட்ட வேண்டியதுதான். வசதி உள்ளவர் கட்டும் காசு இல்லாதவருக்குக் கை கொடுக்கிறது.

எங்கள் வீட்டு மாடி அறையை நோயாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். காந்தி ரோடு லாட்ஜ்களில் இடம் கிடைக்காத வங்காளிக் குடும்பங்கள் வருவார்கள். ஒருமுறை மால்டா பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்கு இதய வால்வில் பிரச்சினை. மாடியில் கடுகெண்ணெய் காய்ந்தால் தெருக்கோடி வரை வாசனை போகும், அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் அவர் மஞ்சப்பையோடு கீழே இறங்கி வந்து, அன்றைய சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் வைப்பார். அப்பா தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் படித்துச் சொல்வார்.

ஆபரேஷனுக்கு ஆகும் தொகையைக் கேட்டதும் மனுஷன் ஊர் திரும்ப முடிவு செய்து காட்பாடிக்குப் போய் டிக்கெட்டே எடுத்துவிட்டார். கடைசியாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று டாக்டரிடம் போனவரை, அவர் சோஷியல் ஒர்க்கரிடம் அனுப்பியிருக்கிறார். நிலம் எவ்வளவு, மாடு உண்டா, வீட்டில் சம்பாதிப்பது யார் என்றெல்லாம் அந்த சோஷியல் ஒர்க்கர் துருவித் துருவிக் கேட்டாராம். சில நாளில் தொகை குறைந்தது. கடைசி பில்லை அப்பா இரண்டு முறை படித்தார். கழித்த தொகை தனி வரியாகப் போட்டிருந்தது. அப்பவும் இலவசம் இல்லை, அவர் நிலத்தை அடகு வைக்கத்தான் வேண்டியிருந்தது. எல்லோருக்கும் இப்படிக் குறைப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வாய் திறந்து கேளுங்கள். கேட்பதற்கே கூச்சப்பட்டுத் திரும்பிப் போனவர்களையும் அதே மாடியில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பில் கவுன்ட்டரில் நின்று பார்த்தால் தொண்டு கண்ணில் படாது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி நிறுத்தி மரத்தடியில் வைத்தியம் பார்த்தவர். பெண்களைப் பெண் டாக்டர்களே பார்க்க வேண்டும் என்று 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை டாக்டர் பால் பிராண்ட் ஆபரேஷன் செய்து நிமிர்த்தியதும் இங்கேதான். இப்போதும் பாகாயத்தில் சாட் ஆஸ்பத்திரி, கே.வி.குப்பம் பக்கம் ருசா என்கிற கிராம சுகாதாரப் பிரிவு என்று கிராமத்து ஜனங்களுக்காகத் தனித்தனியே நடக்கிறது. கூட்டம், காத்திருப்பு, செக்யூரிட்டியின் அதட்டல் பற்றியெல்லாம் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

எனக்கு இருக்கும் கோபமே வேறு. வேலூரில் வீடு இருந்தால் போதும், பத்து வருஷமாகப் பேசாத சொந்தக்காரர்கூட "தம்பி, உனக்குப் பெரிய டாக்டர் யாரையாவது தெரியுமா?" என்று போன் செய்வார். விடியற்காலையில் நான் போய் வரிசையில் நிற்க வேண்டும், அவர் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வருவார். கல்யாணப் பத்திரிகை மட்டும் எங்களுக்குத் தபாலில் வரும். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்பாயின்மென்ட் கேட்டு எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். அவர்கள் வெப்சைட்டிலேயே எடுக்கலாம், பணமும் அதிலேயே கட்டலாம்.