கூலியைக் குறைத்தது யார்?

கேள்வி: எனக்கு வயது 61. திங்கள்சந்தை பக்கம் வீடு. மருமகள் தனியார் பள்ளியில் ஆசிரியை. தன்னிடம் படித்த ஒரு பெண்ணின் கல்லூரிச் செலவுக்கு அவள் மாதம் 2,000 ரூபாய் கொடுத்து வருகிறாள். போன மாதம்தான் எனக்கு இது தெரிந்தது, அதுவும் தற்செயலாக மகனின் போனைப் பார்த்து. அந்தப் பெண் இலங்கை அகதி முகாமில் இருப்பவள். எனக்கு அவர்கள்மேல் விரோதம் எதுவும் இல்லை. சண்டைக்குப் பயந்து வந்தார்கள், இடம் கொடுத்தோம், சரி. ஆனால் 2009-லேயே சண்டை முடிந்துவிட்டதே? இன்னும் மாதப் பணம், அரிசி, இப்போது புது வீடும் கட்டிக் கொடுக்கிறார்கள். எல்லாம் நம் வரிப்பணம். நம் ஊர்ப் பிள்ளைகளின் வேலையும் போகிறது. என் அக்கா மகன் பெயிண்டர். முகாம் ஆட்களால் கூலி ஏறவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறான். போன சித்திரையில் என் இளைய மகள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்ததும் முகாமிலிருந்து வந்த ஒரு அப்பாவும் மகனும்தான். வெளியில் 1,000 ரூபாய் கூலி, இவர்கள் 700-க்கு ஒத்துக்கொண்டார்கள். 14 நாள் வேலை. குறை சொல்ல முடியாத வேலை. 27 வயதுப் பையன், பி.காம். படித்திருக்கிறானாம். மத்தியானம் சோறும் மீன்குழம்பும் நாங்களே கொடுத்தோம். ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல நான். மருமகளுக்கு எப்படிப் புரியவைப்பது? அவள் உங்கள் பக்கத்தை விடாமல் படிப்பவள், நீங்கள் சொன்னால் கேட்பாள். மழை விட்டதும் மதிலுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும், அந்தச் செலவு வேறு காத்திருக்கிறது.
– பெயர் வேண்டாம், திங்கள்சந்தை

பதில்: அம்மா, உங்கள் மருமகளுக்கும் நான் சொல்ல ஒன்று இருக்கிறது. அது பிறகு. முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம்.

வெளியில் 1,000. இவர்களுக்கு 700. ஆளுக்கு 300 குறைவு. இரண்டு ஆள், 14 நாள். 8,400 ரூபாய்.

இதை ஒரே வரியில் எழுதிவிட்டு நீங்கள் மீன்குழம்புக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. அகதிகளால் ஆகும் செலவைப் பற்றிக் கவலைப்பட்டு எனக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களில் எங்காவது ஒரு மூலையில் இப்படி ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள், பந்தலுக்கு வரும் பையனுக்கு இரவு வேலையின் காசு மட்டும் போகாது. எழுதுகிறவர்களுக்கு அது கணக்காகவே தோன்றாது.

'ஒத்துக்கொண்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பி.காம். படித்த பையன் ஏன் உங்கள் வீட்டுச் சாரத்தில் ஏறி நிற்கிறான், அதுவும் 700 ரூபாய்க்கு? கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன். 27 வயது என்றால் அவன் பெரும்பாலும் இந்த நாட்டில், நம் மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றிலேயே பிறந்திருப்பான். ஆனாலும் அவன் இந்தியன் ஆகவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் எந்த நாட்டவர் என்றாலும் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவனுக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, நம் பள்ளிக்கூடத்தில் நம் பாடப்புத்தகத்தைப் படித்து முடித்தவனுக்கு டி.என்.பி.எஸ்.சி. வேலை கிடையாது, நம் பையன்களைப் போலப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கல்ஃபுக்குப் போகவும் வழியில்லை. பெயிண்ட் வாளிதான் மிச்சம். கூலி பேசும்போது அவனால் எவ்வளவு பிடிவாதம் பிடிக்க முடியும்? 'முடியாது' என்றால் நீங்கள் அடுத்த ஆளைக் கூப்பிடுவீர்கள். தகராறு என்று போனால் முகாம் பெயர்தான் முதலில் அடிபடும் என்று அவன் அப்பாவுக்குத் தெரியும். இதற்கு ஒத்துக்கொள்வது என்று பெயர் வைக்காதீர்கள்.

பட்டி போட்டுக் காய்ந்தபின் உப்புத்தாள் பிடித்துத் தேய்க்கும்போது பார்த்திருப்பீர்களே, தலைமயிர், புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். 700 ரூபாய் ஆளுக்குத் தூசி கம்மியாகப் படிவதில்லை.

இனி உங்கள் அக்கா மகன். கூலி ஏறவில்லை என்று அவன் புலம்புவதில் நியாயம் உண்டு. கோபம் போகிற திசைதான் தப்பு. அந்த அப்பாவும் மகனும் உங்கள் வீட்டுக்கு வந்து '1,000 கொடுங்கள்' என்று கேட்டு, நீங்களும் கொடுத்திருந்தால், உங்கள் அக்கா மகனின் கூலிக்கு என்ன குறை வந்திருக்கும்? 700-க்கு ஆள் கிடைக்கும் என்று திங்கள்சந்தையில் காட்டியது உங்கள் வீடு. சொந்த அக்கா மகன் பெயிண்டராக இருக்கும்போது, தங்கை மகள் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிடாமல் மலிவான ஆளைத் தேடினீர்கள். அவன் தாய்க்கு இது தெரியுமா? தெரிந்திருந்தால் பந்தியில் உட்கார்ந்து அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்றே எனக்கு யோசனையாக இருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் பழைய காலத்துப் புத்தி. வீட்டில் நல்ல காரியம் என்றால் கைத்தொழில் தெரிந்த உறவுக்காரனுக்குத்தான் முதல் அழைப்பு போக வேண்டும்.

வரிப்பணம் என்கிறீர்கள். சரி, அதையும் பார்ப்போம். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்ததுதான் நீங்கள் சொல்லும் பெரிய செலவு. மொத்தம் 317.40 கோடி ரூபாய். அதில் 231.54 கோடி, பாழடைந்த 7,469 வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கு. தமிழ்நாட்டின் அந்த வருட வருவாய்ச் செலவு மட்டும் இரண்டரை லட்சம் கோடிக்கு மேல். ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றேகால் ரூபாய் கணக்கு. அந்த வீடுகளில் பல, பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம் முப்பது வருடம் குடியிருந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் பண்ணி வைத்த வீடுகள். பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை என்று முகாம்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பஸ்ஸிலேயே போய்விடலாம்.

மாதப் பணமும் அப்போதுதான் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, குழந்தைக்கு 500. இந்த நிவாரணச் செலவை முதலில் மாநில அரசு செய்கிறது, பிறகு மத்திய அரசு ஈடுகட்டுகிறது. அந்தப் பெயிண்டர் வீட்டில் பெரியவர்கள் நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4,500 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 9,000. அதில் 8,400-ஐ நீங்கள் 14 நாளில் திரும்ப வசூல் பண்ணிவிட்டீர்கள். அரசாங்கம் அவர்களுக்குக் கொடுப்பது அரசாங்கத்தின் கணக்கு. அவர்கள் உங்களுக்கு விட்டுக்கொடுத்தது எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது? அந்த வீட்டுக்காரர்களும் கடையில் சோப்பும் எண்ணெயும் வாங்கும்போது ஜி.எஸ்.டி. கட்டித்தான் வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2009-ல் சண்டை முடிந்ததே என்ற கேள்வி. போகவே இல்லை என்று யார் சொன்னது? 1995 மார்ச்சுக்குள்ளேயே ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சண்டை முடிந்த பிறகும் சிறுகச் சிறுகப் போனவர்கள் உண்டு. போகாமல் இருப்பவர்களில் உங்கள் பெயிண்டர் பையனைப் போல அந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். அவனை எந்த ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்கிறீர்கள்?

நம் மாவட்டத்திலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி கல்ஃப் கடிதங்கள். இங்கே பேசிய சம்பளம் ஒன்று, அங்கே போனதும் கையில் கொடுப்பது வேறு. கேட்டால், 'சாப்பாடு நான்தானே போடுகிறேன்' என்பானாம் முதலாளி. அவனை நம் ஊரில் எப்படியெல்லாம் திட்டுவோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோறு போட்டதைக் கூலிக்குப் பதிலாகக் காட்டுகிறவர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்.

இனி மருமகள். மகளே, நீ இதை வாசிப்பாய் என்கிறார் உன் மாமியார். நீ கொடுப்பதை நிறுத்தச் சொல்லி நான் எழுதப் போவதில்லை. ஆனால் மறைத்தது தப்பு. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் மாதா மாதம் வெளியே போகும் 2,000 ரூபாய் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னாலேயே உட்கார்ந்து, 'அம்மா, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கொடுக்கிறேன், படிப்பு முடியும் வரை கொடுப்பேன்' என்று சொல்லியிருந்தால் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அதோடு போயிருக்கும். உன் புருஷன் போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டிருக்கக் கூடாது. அவனுக்கும் இதில் பங்கு உண்டு. தாய்க்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருப்பதை நல்ல குணம் என்று நம் பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா, மருமகள் தன் சம்பளத்தில் கொடுக்கிறாள். உழைத்த காசு. அதில் நீங்கள் கை வைக்க முடியாது. உங்கள் வீடு அந்த முகாம்காரர்களுக்கு வைத்திருக்கும் பாக்கிக்கு அவள் தவணை கட்டுவதாக வேண்டுமானால் நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,000 என்றால் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். ஆனால் கூலி பாக்கியை யாரோ ஒரு பெண்ணின் படிப்புக்குக் கொடுத்துக் கழிக்க முடியாது. எவன் சாரத்தில் ஏறினானோ அவன் கையில் போய்ச் சேர வேண்டும்.

அதனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த அப்பாவையும் மகனையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மகனை அனுப்பிக் கொடுக்க வேண்டாம், நீங்களே கொடுங்கள். தானம் கொடுப்பதுபோல வெற்றிலையில் வைத்து நீட்ட வேண்டாம். 'பெரியவரே, கூலியில் பாக்கி இருந்தது' என்று சொல்லி 8,400-ஐ அந்த அப்பாவின் கையில் எண்ணிக் கொடுங்கள். 'இருக்கட்டும் அம்மா, வேண்டாம்' என்பார். பழக்கத்தில் சொல்வார். கேட்காதீர்கள், கொடுத்துவிடுங்கள். மருமகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மதில் வேலை. மழை விட்டதும் அந்தப் பையனையும் உங்கள் அக்கா மகனையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள். பட்டி வாங்குவதற்கு முன்னாலேயே இருவரையும் வைத்துக்கொண்டு கூலியைப் பேசுங்கள். ஆளுக்கு 1,000. மத்தியானச் சோறு போட ஆசையாக இருந்தால் போடுங்கள், அது கூலிக்குள் வராது.