அடித்தட்டு என்ற சொல்லும் சில உவமைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வர்க்க ஒடுக்குமுறை பற்றி ஓர் அறிவியல் புனைவு நாவல் எழுதிவருகிறேன். உழைப்பவர்கள் மூன்று தலைமுறையாகச் சுரங்கத்தில், ஆள்பவர்கள் மேலே. கதைசொல்பவன் சுரங்கத்தில் பிறந்தவன். "சூரியனைக் கண்ட தாமரையாய் அவள் முகம் மலர்ந்தது" என்ற வரி ஒட்டவில்லை என்கிறார்கள் நண்பர்கள். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். என்ன தவறு?

— வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவன் சூரியனையும் பார்த்ததில்லை, தாமரையையும் பார்த்ததில்லை. அந்த வரியில் பேசுவது நீங்கள். அவனுக்குத் தெரிந்தவை காற்றுக்குழாய், பம்பின் அதிர்வு, ஷிப்ட் மாறும்போது ஒரு கணம் பிரகாசமாகும் விளக்கு. "ஷிப்ட் மாறும் நேரத்து விளக்குபோல அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது" என்று எழுதிப் பாருங்கள். அங்கே வெளிச்சம் அளந்து தரப்படுகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிராது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. மேல்தட்டு, அடித்தட்டு, மேலிடம் எல்லாமே தேய்ந்துபோன உருவகங்கள். அறிவியல் புனைவு அவற்றை அப்படியே மெய்யாக்கிவிடும். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1895இல் வெளியான 'கால இயந்திரம்' நாவலில் செய்தது அதைத்தான்: 8,02,701ஆம் ஆண்டில் மனித இனம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, எலோய்கள் மேலே, மோர்லாக்குகள் நிலத்தடியில். உங்கள் நாவலிலும் "மேலிடத்து உத்தரவு" என்றால் வாசகர் அண்ணாந்து பார்ப்பார். தெரிந்து எழுதினால் அது பலம். ஆனால் "இந்தச் சுரங்கம் சமூகத்தின் கல்லறை" என்ற வரியை எடுத்துவிடுங்கள். சுரங்கம் ஏற்கெனவே உருவகம்தான், அதன்மேல் இன்னொன்று தாங்காது.

அடுத்தது, உவமை எந்தத் திசையில் போகிறது என்பது. உவமை "உயர்ந்ததன் மேற்றே", அதாவது உயர்ந்த பொருளோடுதான் ஒப்பிட வேண்டும் என்கிறது தொல்காப்பியம். தாழ்ந்ததோடு ஒப்பிடுவதற்கும் 'கிழக்கிடு பொருள்' என்று இடம் வைக்கிறது. ஒடுக்குமுறை நாவலுக்கு உயிர்நாடி இந்தக் கிழக்கிடு பொருள்தான். வெல்ஸின் நாவலில் காலப்பயணி கிணற்றுச் சுவரில் இறங்கும் மோர்லாக்கை மனிதச் சிலந்தி என்கிறான், பிறகு எறும்பு என்கிறான். அவர்களை யார் என்று அறிவதற்குள் அவனுடைய அருவருப்பு நமக்கும் தொற்றிவிடுகிறது. உங்கள் அத்தியாயத்திலோ கதைசொல்பவனே தன் மக்களை "எறும்புக்கூட்டம்" என்கிறான். அது ஆள்பவர்களின் கண். அந்தச் சொல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள். ஒலிபெருக்கி அறிவிப்பில் இரண்டு முறை வந்தால் போதும். பின்னால் ஏதோ ஓர் அத்தியாயத்தில் அதே கூட்டத்தைப் பார்த்து அவன் அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஆட்களை எண்ணத் தொடங்கினால், அவன் மாறிவிட்டான் என்பதற்கு வசனமே வேண்டாம்.

திருத்தும்போது ஒவ்வொரு உவமையையும் அடிக்கோடிட்டு, ஓரத்தில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: யார் சொல்கிறார், அதைப் பார்த்திருக்கிறாரா, ஒப்பீடு உயர்த்துகிறதா தாழ்த்துகிறதா. தேறாதவற்றில் பாதிக்கு மாற்று தேடாமல் வெட்டிவிடுங்கள்.

தாமரையை விட மனமில்லை என்றால் ஒரு வழி உண்டு. பாட்டியின் தாலாட்டில் அந்தச் சொல் மட்டும் மிஞ்சியிருக்கட்டும், பொருள் யாருக்கும் தெரியவேண்டாம். ஏதோ ஒரு பழைய விளக்கின் பெயர் என்று நினைத்துக்கொண்டு அவன் அதைச் சொல்லட்டும்.