ஜி.பி.சி. மாட்யூல் அட்டையில் யார் பெயர்? கேள்வி பதில்

லெகோவில் கட்டி, சின்னப் பந்துகளை ஒரு மாட்யூலிலிருந்து (தனி இயந்திரப் பகுதியிலிருந்து) அடுத்ததற்குக் கடத்தும் ‘கிரேட் பால் கான்ட்ராப்ஷன்’ (ஜி.பி.சி.) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ஜப்பானிய ஜி.பி.சி. வடிவமைப்பாளர் அகியுகியின் மாட்யூலை, வேறொருவர் வெளியிட்ட பி.டி.எஃப். பார்த்துக் கட்டினேன். கண்காட்சி அட்டையில் யார் பெயரைப் போடுவது?

பதில்: மூன்று வரி வேண்டும். வடிவமைப்பு: அகியுகி. வழிமுறை: பி.டி.எஃப். வரைந்தவர். கட்டியவர்: நீங்கள். பெரும்பாலும் விடுபடுவது முதல் வரிதான். பி.டி.எஃப். முகப்பில் வரைந்தவர் பெயர் இருக்கும், பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பந்து எப்படி ஏற வேண்டும், எந்த நொடியில் விழ வேண்டும் என்று யோசித்தவர் அகியுகி. அதற்காக இரண்டாவது பெயரையும் விட்டுவிட முடியாது. அகியுகியின் பல மாட்யூல்களுக்கு வழிமுறை கிடைப்பதே, பிறர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கியர் பற்களை எண்ணி, மறைந்திருக்கும் பாகங்களை ஊகித்து வரைந்ததால்தான்.

கேள்வி: நிறத்தையும் கியரையும் மாற்றிவிட்டேன். இப்போது அது என் வடிவமைப்புதானே?

பதில்: இல்லை. பந்து போகும் வழியும் அதைத் தள்ளும் முறையும் மாறாதவரை மூலவர் பெயர்தான் முதலில் வரும். நிற மாற்றத்தை எழுதக்கூடத் தேவையில்லை. கியர் மாற்றத்தைக் கட்டாயம் எழுதுங்கள். 8 பல், 24 பல் ஜோடி உட்காரும் அதே இரண்டு ஸ்டட் (லெகோ கட்டையின் மேல் உள்ள குமிழ்) இடைவெளியில் 12, 20 பல் இரட்டை பெவல் (இருபுறமும் சரிந்த பற்கள் கொண்ட) ஜோடியும் உட்காரும், அதனால் மாற்றுவது சுலபம். ஆனால் வேகம் 1.8 மடங்காகும், முறுக்குவிசை அதே அளவுக்குக் குறையும். முந்தின பந்து நகர்வதற்குள் அடுத்தது வந்து சிக்கும். பார்ப்பவர் “அவர் டிசைனே இப்படித்தான்” என்று போய்விடுவார். உங்கள் மாற்றத்தால் வந்த கோளாறு அவர் தலையில் விழக்கூடாது. “கியர் 12:20 ஆக மாற்றியது நான்” என்று ஒரு வரி போதும்.

கேள்வி: பந்து வந்து விழும் 10×10 ஸ்டட் உள்கூடை, நொடிக்குச் சராசரியாக ஒரு பந்து என்ற விதிகளுக்கும் பெயர் போட வேண்டுமா?

பதில்: ஒவ்வொரு மாட்யூலிலும் வேண்டாம். அது எல்லோரும் சேர்ந்து ஆடுவதற்கான பொது விதி. மொத்த அமைப்பை அறிமுகப்படுத்தும் பலகையில், இந்த விதிகளை வகுத்த ஸ்டீவ் ஹாசன்பிளக் பெயரைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கேள்வி: மூலவர் பெயரைப் போட்டுவிட்டு, நானே ஸ்டுடியோ என்ற லெகோ வடிவமைப்பு மென்பொருளில் வரைந்த வழிமுறையை விற்கலாமா?

பதில்: பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதை ‘சரி’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டியதைப் பெயரோடு காட்டுங்கள், கோப்பை வெளியிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய வழிமுறை என்றால் அதன் பாகப் பட்டியலையும் பகிராதீர்கள், பாதி வடிவமைப்பு அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: லெகோவே கட்டையைப் பிறரிடமிருந்து எடுத்ததுதானே?

பதில்: ஆமாம். பிரிட்டனில் ஹிலாரி பேஜ் 1947-இல் கிடிகிராஃப்ட் கட்டையைக் கொண்டுவந்தார், 1949-இல் வந்த லெகோ கட்டை அதைப் பின்பற்றியது. அடியில் குழாய் வைத்து இறுகப் பிடிக்கும் அமைப்பு 1958-இல் லெகோ சேர்த்தது. கிடிகிராஃப்ட் கட்டையின் உரிமையை லெகோ வாங்கியது 1981-இல். பேஜ் அதற்கு வெகுமுன்பே இறந்துவிட்டார், தன் கட்டை எங்கே போனது என்று அவருக்குத் தெரியவே இல்லை என்கிறார்கள். இதை நமக்குச் சாக்காக்கக் கூடாது.

கேள்வி: படம் மட்டும் கிடைத்தது, வடிவமைத்தவர் யாரென்று தெரியவில்லை.

பதில்: படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடி, கிடைப்பவற்றில் மிகப் பழைய பதிவைப் பாருங்கள். அதன் கீழே பெரும்பாலும் பெயர் இருக்கும். எல்டிரா கோப்பு (லெகோ மாதிரியைக் கணினியில் பதிவு செய்யும் கோப்பு வகை) கையில் இருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சப்மாடலின் (மாதிரிக்குள் இருக்கும் துணை மாதிரியின்) தலைப்பிலும் ஆசிரியர் பெயருக்கென்று ஒரு வரி உண்டு. பிறர் சப்மாடலை உங்கள் கோப்பில் சேர்க்கும்போது அந்த வரியை அழிக்காதீர்கள். எங்குமே கிடைக்காவிட்டால் “மூல வடிவமைப்பு என்னுடையது அல்ல, பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்” என்று அட்டையில் எழுதுங்கள். யாராவது சொன்னால் அன்றே அட்டையை மாற்றுங்கள்.